கந்தகத்தைக் கரைக்காதீர்கள், கூட இருப்பதைக் கரையுங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு சிட்டிகை கந்தகத் தூளைத் தூவிப் பாருங்கள். மிதக்கும். கந்தகத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டு மடங்கு. நியாயமாக அது கூழாங்கல்லைப் போல அடியில் போய் உட்கார வேண்டும். ஆனால் பாலாடை போல மேலேயே படர்ந்து நிற்கும். ஈர்க்குச்சியால் மெல்ல அமுக்கினால் ஆடை குழியும், குச்சியை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். இப்போது பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். ஆடை பொத்துக்கொண்டு, மஞ்சள் தூள் நூல் நூலாக அடிக்கு இறங்கும்.

மருத்துவம் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சி. சிறுநீரில் பித்த உப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஹே சோதனை இதேதான். பித்த உப்பு சோப்பைப் போல வேலை செய்து நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும், தூவிய கந்தகம் மூழ்கிவிடும். நமக்கு இங்கே வேண்டியது வேறு செய்தி: கந்தகம் தண்ணீரில் கரையாதது மட்டுமல்ல, தண்ணீரில் நனையவும் மறுக்கிறது. கலவையிலிருந்து அதைப் பிரிக்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

மதுரைப் பள்ளிக்கூட ஆய்வகங்களில் பீக்கர் கழுவியே பாதி வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆண்டுதோறும் அறிவியல் கண்காட்சி நெருங்கும்போது யாராவது ஒரு மாணவர் வந்து கேட்பார்: “ஐயா, கார்பன் டை சல்பைடு எங்கே கிடைக்கும்?” பாடப்புத்தகத்தில் இரும்புத் தூளும் கந்தகமும் கலந்த கலவைக்கு அந்தத் திரவத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். கந்தகத்தைக் கரைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை என்பது உண்மை. ஆனால் கந்தகத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் கந்தகத்தைத்தான் கரைக்க வேண்டும் என்று யார் சொன்னது? கூட இருப்பதைக் கரைத்து வெளியே அனுப்பினாலும் மிஞ்சுவது கந்தகம்தானே. வீட்டில் செய்யக்கூடிய எல்லாப் பிரிப்பும் இந்த ஒரு யோசனையில் அடங்கியிருக்கிறது. அந்த வழி ஓடாத இடத்தில்தான் காந்தத்தையோ மிதப்பையோ தேட வேண்டும். அதுவும் முடியாதபோதுதான் ஆய்வகக் கரைப்பான்.

எதில் கரையும், எவ்வளவு கரையும்

கந்தகத்தின் எட்டு அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. கும்மியடிக்கும் பெண்கள் வட்டமாக நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வட்டம் தட்டையானதல்ல, மேலும் கீழுமாக மடிந்து கிரீடம் போல இருக்கும். இந்த வளையத்துக்கு நேர்மின் முனை, எதிர்மின் முனை என்று எதுவும் கிடையாது. தண்ணீர் மூலக்கூறுக்கோ இரண்டு முனையும் உண்டு. உப்பின் அயனிகளை அது பிடித்து இழுத்துக்கொண்டு போகும், கந்தக வளையத்தில் பிடிப்பதற்குக் கைப்பிடியே இல்லை. முனையில்லாத கரைப்பான்களோடுதான் கந்தகம் ஒத்துப்போகும்.

அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிவாகும். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 36 கிராம் சமையல் உப்பைக் கரைத்துக்கொள்ளும். சர்க்கரையானால் 200 கிராம். கந்தகமானால் ஒன்றுமில்லை என்றே எழுதலாம். 100 கிராம் கார்பன் டை சல்பைடு 30 கிராமுக்குக் குறையாமல் கந்தகத்தை விழுங்கும். டொலுயீன் 2 கிராம் அளவுக்குக் கரைக்கும், ஆனால் சூடேற்றினால் அதுவே பல மடங்காகும். எத்தில் ஆல்கஹாலில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கரையாது.

கரைவது போலத் தோன்றும் இரண்டு ஏமாற்றங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிலக்கோட்டை, உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களும், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருப்பவர்களும் ‘நனையும் கந்தகம்’ என்ற மருந்தைத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பார்கள். டேங்கில் போட்டால் பால் போல ஒன்றாகிவிடும். “கந்தகம் கரையாது என்கிறீர்களே, எங்கள் டேங்கில் கரைகிறதே” என்று என் மைத்துனரே என்னோடு வழக்காடியிருக்கிறார். கரையவில்லை, மாமா, கலங்கியிருக்கிறது. தூளை மிக நுண்ணியதாக அரைத்து, நனைய வைக்கும் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். டம்ளரில் நான் விட்ட சோப்புச் சொட்டின் வேலையைத்தான் அது செய்கிறது. ஒரு பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து அசையாமல் ஓர் இரவு வைத்துவிட்டால் காலையில் அடியில் மஞ்சள் வண்டல் நிற்கும். கரைந்த பொருள் வண்டலாகாது. தெளிக்கும்போது டேங்கைக் குலுக்கிக்கொண்டே இருக்கச் சொல்வதன் காரணமும் இதுதான்.

இரண்டாவது ஏமாற்றம், சுண்ணாம்பு. கந்தகத்தைச் சுண்ணாம்பு நீரோடு கொதிக்க வைத்தால் செம்மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் கிடைக்கும். கந்தகம் காணாமல் போயிருக்கும். இதுவும் கரைதல் அல்ல, வினை. கந்தகம் கால்சியத்தோடு சேர்ந்து வேறு சேர்மமாகிவிட்டது. நீரை வற்ற வைத்தால் பழைய கந்தகம் அப்படியே திரும்பி வராது. கரைசலுக்கு அடையாளம் எளிது: கரைப்பான் போய்விட்டால் கரைந்தது போட்டபடியே திரும்ப வேண்டும்.

கந்தகம் வாங்குதல்

பள்ளி வழியாக வாங்குவது நல்லது. இல்லையென்றால் நாட்டு மருந்துக் கடை. கீழமாசி வீதிப் பக்கம் நடந்தால் வாடையை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். நான் முதன்முதலில் போனபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதற்குத் தம்பி? சொறிக்கா, செடிக்கா, பள்ளிக்கூடத்துக்கா?” என்றார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். “அப்படியானால் நெல்லிக்காய்க் கந்தகம் உனக்கு வேண்டாம், அது மருந்துக்கு. சாதாரணக் கந்தகமே போதும்” என்று கட்டியாக ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தார். அண்ணாச்சி சொன்னது சரிதான். நமது வேலைக்கு விலை குறைந்ததே போதும். 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள்.

சித்த மருத்துவத்தில் கந்தகத்தைச் சுத்தி செய்யும் முறையும் உண்மையில் ஒரு பிரிப்பு முறைதான். நெய்யோடு இரும்புக் கரண்டியில் உருக்கி, பாலில் ஊற்றுவார்கள். கந்தகம் சுமார் 115 டிகிரி செல்சியஸில் உருகும். பால் அதைக் கரைக்காது, ஆகவே கந்தகம் பாலின் அடியில் இறுகிவிடும். நூற்றாண்டுகளாகத் தெரிந்துவைத்திருந்த இந்த ‘தண்ணீர் கந்தகத்தைத் தொடாது’ என்ற சூட்சுமத்தைத்தான் 1894-இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஹெர்மன் ஃபிராஷ் பெரிய அளவில் செய்தார். அழுத்தத்தில் வைத்து 160 டிகிரிக்கும் மேல் சூடாக்கிய நீரைப் பூமிக்குள் செலுத்தி, ஆழத்தில் கிடந்த கந்தகத்தை உருக்கி மேலே கொண்டுவந்தார். நீரில் கரையக்கூடியதாக இருந்தால் அந்த வித்தை நடந்திருக்காது. இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பில் கந்தகத்தை உருக்க வேண்டாம். கொஞ்சம் சூடு கூடினாலும் பற்றிக்கொள்ளும், வருகிற சல்பர் டை ஆக்சைடு மூச்சைப் பிடித்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டே அல்ல.

கட்டியைத் தூளாக்கக் கல்வமோ சிறிய உரலோ எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி கூடாது. சமையலுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: மூடிய ஜாடிக்குள் பறக்கும் கந்தகத் தூசு ஒரு சிறு பொறியில் வெடிக்கக்கூடியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெதுவாக இடியுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் நன்றாக எரியும்.

முதல் பிரிப்பு: உப்பும் கந்தகமும்

புதியவர்கள் இதில்தான் கைபழக வேண்டும். 10 கிராம் தூள் உப்பு, 10 கிராம் கந்தகத் தூள். நகை நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு இருந்தால் நல்லது, ஏனென்றால் திரும்ப எவ்வளவு வந்தது என்று பார்ப்பதில்தான் இந்தச் சோதனையின் ருசியே இருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். 100 மில்லிக்கு 36 கிராம் என்றால், 10 கிராம் உப்புக்கு 28 மில்லி போதும். அந்த விளிம்பில் நிற்காமல் 60 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கூட்டினால் கடைசியில் வற்ற வைக்கும்போது நீங்கள்தான் காத்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் ஆழ்துளைத் தண்ணீரும் வேண்டாம். எங்கள் பக்கத்து ஆழ்துளை நீரைத் தட்டில் வற்ற வைத்தால் அதுவே வெள்ளைப் படலம் விடும். பிறகு எது உங்கள் உப்பு, எது ஊர் உப்பு என்று தெரியாது. பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கலவையைப் பீக்கரில் போட்டு நீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கந்தகம் மிதந்துகொண்டு, தனக்குள் கொஞ்சம் உப்பையும் உலர்ந்தபடியே பொத்தி வைத்துக்கொள்ளும். கலக்கக் கலக்கப் பீக்கரின் பக்கச் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை நான் இதைச் செய்தபோது நனையாத அந்தத் தூள் வடிதாளின் விளிம்புக்கு மேலே ஏறி, தாளுக்கும் புனலுக்கும் நடுவே வழிந்து, பாதிக் கந்தகம் வடிநீரிலேயே போய் மிதந்தது. ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. அந்த வடிநீரை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தீர்வு, கந்தகத்தை முதலில் நனைய வைப்பது. சோப்பு விட்டால் நனையும், ஆனால் கடைசியில் கிடைக்கும் உப்பில் சோப்பும் இருக்கும். அதனால் மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நாலைந்து சொட்டு மட்டும் உலர்ந்த கலவையின்மேல் விட்டு, கண்ணாடிக் குச்சியால் பிசையுங்கள். ஆல்கஹால் கந்தகத்தை நனைக்கும், கரைக்காது என்று சொல்லத்தக்க அளவில்தான் கரைக்கும், பிறகு ஆவியாகிப் போய்விடும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பிறகு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். இப்போது கந்தகம் அடங்கி நீருக்குள் சுழலும். மூன்று நிமிடம் கலக்கினால் போதும். வெந்நீர் வேண்டியதில்லை, உப்பின் கரைதிறன் சூட்டால் பெரிதாகக் கூடுவதில்லை.

வடிதாளை நான்காக மடித்துப் புனலில் பொருத்தி, முதலில் வெறும் நீரால் நனைத்துப் புனலோடு ஒட்ட வையுங்கள். தாளின் விளிம்பு புனலின் விளிம்புக்குக் கீழே இருக்கட்டும். ஊற்றும் நீர் தாளில் முக்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடிக் குச்சியைச் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் வழிய விட்டு ஊற்றுங்கள். வடிதாள் இல்லாதவர்கள் பழைய வேட்டித் துணியை நான்கு மடிப்பாகப் போடலாம், ஆனால் நுண்ணிய தூள் கொஞ்சம் நழுவிப் போகும். முதல் வடிநீர் கலங்கலாக வந்தால் அதையே மீண்டும் அதே தாளில் ஊற்றுங்கள். கந்தகப் படிவமே இரண்டாவது வடிகட்டியாக வேலை செய்யும்.

தாளில் தங்கிய கந்தகத்தை 10 மில்லி நீரால் மூன்று முறை கழுவுங்கள். 30 மில்லியை ஒரே முறையில் ஊற்றுவதைவிட மூன்று பங்காக ஊற்றுவது நன்றாகக் கழுவும். துணி அலசும் எவருக்கும் இது தெரியும். மூன்றாவது கழுவலில் கடைசியாக விழும் சொட்டை ஒரு கண்ணாடித் துண்டில் பிடியுங்கள், பக்கத்தில் சுத்தமான நீரில் ஒரு சொட்டு வையுங்கள். இரண்டும் காய்ந்த பின் ஒன்றில் மட்டும் வெள்ளைத் தடம் இருந்தால் இன்னும் உப்பு இருக்கிறது, மீண்டும் கழுவுங்கள்.

வடிநீரை வற்ற வைக்கும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மஞ்சள் துகள் ஒன்று தெரிந்தாலும் மறுபடி வடியுங்கள், சூட்டில் அது புகையும். சுத்தமாக இருந்தால் அகலமான தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்துவிடலாம். சித்திரை மாதமானால் மாலைக்குள் சதுரச் சதுரமாக உப்புப் படிகம் நிற்கும். கந்தகத்தையும் தாளோடு நிழலான, காற்று வீசாத இடத்தில் ஒரு நாள் உலர விடுங்கள். அடுப்புச் சூடு, இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தும் கருவி எதுவும் வேண்டாம். நிறுத்துப் பார்க்கும்போது ஒன்பதரை கிராம் கந்தகம் இருந்தால் உங்கள் கை நல்ல கை. பத்தரை கிராம் இருந்தால் மகிழ வேண்டாம், இன்னும் ஈரம் இருக்கிறது.

சர்க்கரையோடு கலந்த கந்தகத்துக்கும் இதே முறைதான். படிகாரத்துக்கு மட்டும் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள், அது சூட்டில் மிகுதியாகக் கரையும்.

இரும்புத் தூளும் கந்தகமும்

இங்கே கூட இருப்பதும் தண்ணீரில் கரையாது. ஆனால் அதைக் காந்தம் பிடிக்கும். இரும்புத் தூள் வேண்டுமென்றால் லேத் பட்டறையில் கேளுங்கள், காசு வாங்காமலே கொடுப்பார்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எவர்சில்வர் சீவல் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, அங்கேயே சோதித்து வாங்குங்கள். பட்டறைத் தூளில் எண்ணெய் இருக்கும். சோப்பு நீரில் கழுவி, உடனே வெயிலில் நன்றாகக் காய வையுங்கள், தாமதித்தால் துருப்பிடிக்கும்.

இரும்பையும் கந்தகத்தையும் கலந்தால் அழுக்குப் பச்சை கலந்த சாம்பல் நிறம் வரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மஞ்சள் தனியாகவும் கறுப்பு தனியாகவும் தெரியும். வெள்ளைத் தாளில் கலவையை மெல்லியதாகப் பரப்புங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி, மேலாக நகர்த்துங்கள். இரும்பு முள்ளம்பன்றி போல எழுந்து ஒட்டிக்கொள்ளும். வேறு தாளின் மேல் கொண்டுபோய்ப் பையிலிருந்து காந்தத்தை உருவினால் அவ்வளவும் உதிர்ந்துவிடும். பையில்லாமல் செய்தால் காந்தத்தில் ஒட்டிய தூளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஒரு முறையில் முடியாது. எழும் இரும்பு முட்களுக்கிடையே கந்தகம் சிக்கியிருக்கும். உதிர்த்த இரும்பை மறுபடி பரப்பி மறுபடி எடுங்கள். மூன்று, நான்கு முறை செய்தால் தாளில் மிஞ்சுவது மஞ்சளாக இருக்கும். அப்போதும் கொஞ்சம் மங்கலான மஞ்சள்தான், பாடப்புத்தகப் படத்தில் இருப்பது போலப் பளிச்சென்று இருக்காது.

இந்தக் கலவையை ஈரமாக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், சித்திரைத் திருவிழா விடுமுறைக்கு முந்தைய மாலை, கழுவிக்கொள்ளலாம் என்று ஒரு கிண்ணத்தில் இரும்பு, கந்தகக் கலவையைத் தண்ணீரோடு விட்டுவிட்டுக் கிளம்பினேன். அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தால், கிண்ணத்தில் கறுப்பாக ஒரு கட்டி. உடைத்தால் அழுகிய முட்டை வாடை. ஈரத்தில் இரும்பும் கந்தகமும் மெல்ல வினைபுரிந்து இரும்பு சல்பைடாகிவிட்டன. இந்த வினை வெப்பத்தையும் வெளியிடும். பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா லெமெரி 1700-ஆம் ஆண்டில் இதே கூழை மண்ணில் புதைத்து, தானாகச் சூடேறி வெடித்துக் கிளம்புவதைக் காட்டி, எரிமலை இப்படித்தான் உண்டாகிறது என்று வாதிட்டார். எரிமலைக் காரணம் தவறு. சூடேறுவது உண்மை. என் கிண்ணத்தில் இருந்தது ஒரு கைப்பிடிதான் என்பது என் அதிர்ஷ்டம்.

7 பங்கு இரும்பும் 4 பங்கு கந்தகமும் எடுத்துச் சூடாக்கினாலும் இதே சல்பைடுதான் வரும். அதன்பின் காந்தமும் பயன்படாது, கார்பன் டை சல்பைடும் பயன்படாது. கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டத்தான் பாடத்தில் இந்த இணையை வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில் பார்க்க வேண்டிய சோதனை இது. கிடைத்ததன்மேல் அமிலம் ஊற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் எங்கும் வேண்டாம், வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு.

மணலும் கந்தகமும்

இது கொஞ்சம் சிக்கலானது. இரண்டும் தண்ணீரில் கரையாது, இரண்டையும் காந்தம் தொடாது. தொடாது என்றா சொன்னேன்? வைகை மணலில் ஒரு காந்தத்தைப் புரட்டிப் பாருங்கள், கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். மணலில் இயற்கையாகவே இருக்கும் இரும்புத் தாது அது. சோதனைக்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் குழப்பும். முறத்தில் போட்டுப் புடைக்கலாமா என்று கேட்பார்கள். புடைத்தால் கந்தகம் உங்கள் மூக்குக்குத்தான் போகும்.

இங்கேதான் முதலில் செய்த டம்ளர் வேடிக்கை கைகொடுக்கிறது. அகலமான பேசினில் சோப்பு வாடையே இல்லாத சுத்தமான நீர் எடுத்து, உலர்ந்த கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்ப்பரப்பின்மேல் தூவுங்கள். மணல் நனைந்து மூழ்கும். கந்தகம் நனையாமல் மிதக்கும். தேநீர் வடிகட்டியின் அடிப்பக்கத்தால் மிதப்பதை ஓரத்துக்கு ஒதுக்கி, ஒரு வடிதாளை மேற்பரப்பில் லேசாக வைத்து எடுத்தால் மஞ்சள் தாளோடு வந்துவிடும். கந்தகம் நன்றாகப் பொடித்திருக்க வேண்டும், குறுணை மூழ்கிவிடும். ஸ்பிரிட் பட்டிருக்கக் கூடாது, உப்புக்குச் செய்த உபாயம் இங்கே எதிரி. பேசின் முன்பு சோப்பில் கழுவியதாக இருந்தால் நாலு முறை அலசுங்கள். மூழ்கிய மணலை எடுத்து நன்றாகக் காய வைத்து மறுபடியும் தூவினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

முழுவதும் பிரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் எனக்கு இந்த முறையின்மேல் தனிப் பிரியம் உண்டு. செம்புத் தாதுவை மண்ணிலிருந்து நுரையில் மிதக்க வைத்துப் பிரிக்கும் தொழிற்சாலை முறைக்கு அடிப்படை இதே குணம்தான். ஒரு பேசினும் ஒரு தாளும் வைத்துக்கொண்டு அதை வீட்டில் காட்டிவிடலாம்.

ஆய்வகத்தில் மட்டும்: சூடான டொலுயீன்

மணலிலிருந்து கந்தகத்தை முழுமையாக எடுக்க வேண்டும் என்றால் கரைத்தே ஆக வேண்டும். கார்பன் டை சல்பைடு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது 46 டிகிரியிலேயே கொதிக்கும், மதுரையின் கோடைப் பகல் அதற்குச் சில டிகிரிதான் குறைவு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசையில் ஊர்ந்து போகும். தீப்பொறியே இல்லாமல், கொதிநீர்ச் சூட்டளவில் உள்ள ஒரு பரப்பைத் தொட்டாலே பற்றிக்கொள்ளும். நீண்ட நாள் மூச்சில் போனால் நரம்பைக் கெடுக்கும். பள்ளிக்கு இது ஆகாது.

டொலுயீனும் எளிதில் தீப்பிடிக்கும், ஆனால் கட்டுக்குள் வைக்க முடியும். புகைப்போக்கிக் கூண்டு உள்ள ஆய்வகத்தில், ஆசிரியர் கையால், சுடர் எதுவும் இல்லாமல், மின் அடுப்பில் வைத்த நீர்த்தொட்டியில் செய்ய வேண்டும். பெயிண்ட் தின்னர் வாங்கி வீட்டில் முயல்வது வேண்டவே வேண்டாம்.

ஒரு கிராம் கந்தகம் உள்ள மணலுக்கு 20 மில்லி டொலுயீன். அறை வெப்பத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கரையும். 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் அவ்வளவும் கரைந்து, வெளிர் மஞ்சள் கரைசலும் அடியில் மணலும் நிற்கும். சூட்டோடு வடிக்க வேண்டும். புனலையும் முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த புனலில் ஊற்றினால் அதன் தண்டுக்குள்ளேயே கந்தகம் படிகமாகி அடைத்துவிடும். வடித்த கரைசலை மூடி, அசைக்காமல் ஆற விடுங்கள். ஆறும்போது கரைதிறன் விழும், மிகுதியான கந்தகம் படிகமாக வெளியே வரும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும், மீதி கரைசலிலேயே தங்கும். 95 டிகிரிக்குக் கீழே உண்டாகும் நிலையான வடிவம் சாய்சதுரப் படிகம். லென்ஸில் பார்த்தால் புஷ்பராகக் கல்லைப் பட்டை தீட்டியது போல இருக்கும். அதற்கு மேலான சூட்டில் படிகமானால் ஊசி ஊசியாக வரும், ஆறிய சில நாளில் ஊசிகள் பளபளப்பு இழந்து மங்கிவிடும். வடிவம் உள்ளே மாறிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது.

எல்லாக் கந்தகமும் கரையும் என்று எண்ண வேண்டாம். உருகிய கந்தகத்தை நன்றாகச் சூடேற்றித் திடீரென்று குளிர்வித்தால் வளையங்கள் உடைந்து நீளச் சங்கிலிகளாகிவிடும். அந்த வகை கார்பன் டை சல்பைடில்கூடக் கரையாது. டயர் தொழிலில் அதற்குத் ‘கரையாக் கந்தகம்’ என்றே பெயர், விரும்பி வாங்குகிறார்கள். சாதாரணக் கந்தகம் சூடான ரப்பரில் கரைந்து, ரப்பர் ஆறியதும் தங்க இடமில்லாமல் மேற்பரப்பில் பொடியாகப் பூத்துவிடும். பூத்த இடத்தில் அடுத்த அடுக்கு ஒட்டாது. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டி டயர் ஆலையைக் கடந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு டொலுயீனில் ஆறிய அந்தப் படிகங்கள் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே கதைதான், அங்கே தொல்லை, இங்கே பலன்.

கை வைக்கக் கூடாத கலவை

மதுரையிலிருந்து சிவகாசி இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. தீபாவளி முடிந்த காலையில் வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கிவந்து, “இதிலும் கந்தகம் இருக்கிறதே, பிரிக்கலாமா?” என்று கேட்ட மாணவர்கள் உண்டு. கூடாது. உரசினாலே வெடிக்கக்கூடிய கலவைகள் அவை. கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்த்த வெடிமருந்தைச் சட்டமே தடை செய்திருக்கிறது, காரணம் அது கையிலேயே வெடிக்கும். அத்தகைய பட்டாசைத் தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டு விலகிவிடுங்கள். தீப்பெட்டிக் குச்சியின் மருந்துக்கும் இதே பதில்.

பிரித்ததை வைத்திருத்தல்

உலர்ந்த கந்தகத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுப் பெயரும் நாளும் எழுதி ஒட்டுங்கள். சமையலறை அலமாரி வேண்டாம், மஞ்சள் தூள் என்று யாராவது எடுத்துவிடுவார்கள். தீப்பெட்டி, பிளீச்சிங் பவுடர், உரம் இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். டொலுயீன் கழிவைக் கழுவு தொட்டியில் ஊற்றாமல் பள்ளியின் கழிவுப் பாட்டிலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கையில் வெள்ளி மோதிரம் இருந்தால் வேலைக்கு முன்பே கழற்றி வையுங்கள். கந்தகத் தூள் பட்ட கையால் என் மகளின் கொலுசை எடுத்துக் கொடுத்து, ஒரு வாரத்தில் அது கறுத்து, வீட்டில் நான் வாங்கிய பேச்சு தனிக்கதை. கறுப்பு, வெள்ளி சல்பைடு. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கொலுசைத் தாளைத் தொடும்படி வைத்து, ஒரு கரண்டி ஆப்ப சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றினால் சில நிமிடங்களில் கறுப்பு கழன்று வெள்ளி வெளுக்கும். அலுமினியம் கந்தகத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பாத்திரத்துக்கு மேலே முகத்தை நீட்டினால் லேசாக அழுகிய முட்டை வாடை வரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.